மறு உருட்டல் எப்போது செல்லும்? நிலவறை விளையாட்டுகளில் பகடை விதிகளைத் தெளிவாக்கிக்கொள்ளும் வழி

நிலவறைக்குள் புகுந்து அரக்கர்களுடன் மோதும் பலகை விளையாட்டுகளில், சண்டை அரக்கனோடு தொடங்கி, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களோடு முடிவதுதான் வழக்கமாகிவிட்டது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் வட்டாரங்களில் வார இறுதியில் கூடி ஆடும் குழுக்களில் நான் பார்த்தவரை, விதியே இல்லாததால் எழும் தகராறு மிகக் குறைவு. மறு உருட்டலுக்கான, அதாவது விழுந்த பகடையை மீண்டும் உருட்டிப் பார்ப்பதற்கான, வாய்ப்பு எந்தக் கட்டத்தில் முடிந்துபோகிறது என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளாததால் எழுவதுதான் மிகுதி.

செல்லாத உருட்டலையும் மறு உருட்டலையும் முதலில் பிரித்துவிடுங்கள். தரையில் விழுந்த பகடையும், அட்டையின் விளிம்பில் சாய்ந்து நிற்கும் பகடையும் செல்லாதவை. அவற்றை மீண்டும் உருட்டுவதற்காக மறு உருட்டல் தரும் மருந்தோ, அதற்காக வீரர் வைத்திருக்கும் வில்லையோ (சிறு அடையாளத் துண்டு) செலவாகக் கூடாது. தீபாவளி முறுக்கு வைத்திருந்த தகர டப்பாவின் மூடியில் துணி ஒட்டி, அதற்குள் விழுந்தது மட்டுமே செல்லும் என்று வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினை எழவே எழாது. மாமாக் கடையின் எவர்சில்வர் மேசையில் ஆடுபவர்களுக்குச் சத்தமும் குறையும்.

அடுத்து, எந்தப் பகடைகளை மீண்டும் உருட்டலாம் என்பதை, அந்தச் சலுகையைத் தரும் அட்டையில் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு பகடை, தோற்ற பகடைகள், எல்லாப் பகடைகளும் ஆகிய மூன்றும் வெவ்வேறு ஆற்றல்கள். 1989இல் வெளிவந்த ஹீரோகுவெஸ்ட் விளையாட்டின் சண்டைப் பகடையை எடுத்துக்கொள்வோம். அதன் ஆறு முகங்களில் மூன்றில் மண்டை ஓடும், இரண்டில் வெள்ளைக் கேடயமும், ஒன்றில் கருப்புக் கேடயமும் இருக்கும். தாக்கும்போது மண்டை ஓடு விழுந்தால் வெற்றி, கேடயம் விழுந்தால் அந்தப் பகடை தோற்றது. மூன்று பகடைகளால் தாக்கும் வீரருக்குச் சராசரியாக 1.5 மண்டை ஓடுகள் கிடைக்கும். தோற்றவை அனைத்தையும் ஒருமுறை மீண்டும் உருட்டலாம் என்றால் அது 2.25 ஆக உயர்கிறது. ஒரே ஒரு பகடையை மட்டும் உருட்டலாம் என்றால் ஏறக்குறைய 1.94, மூன்றையும் மொத்தமாக எடுத்துத்தான் உருட்ட வேண்டும் என்றால், எப்போது உருட்டுவது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலும் 1.88தான். மூன்றையும் உருட்டும் சலுகையே பெரிது என்று நினைத்து அதற்கு அதிகப் பொற்காசு கொடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்: கையில் விழுந்த மண்டை ஓட்டையும் சேர்த்துத் தூக்கிப் போடுவதால்தான் பலன் குறைகிறது.

இரண்டாவதாக விழுந்த எண் முதலாவதைவிட மோசமாக இருந்தாலும் அதுவே செல்லும். நல்லதை வைத்துக்கொள்ளலாம் என்று அட்டை வெளிப்படையாகச் சொன்னால் மட்டும் விலக்கு உண்டு. ஒரே பகடையை இரண்டாம் முறை மீண்டும் உருட்டுவதையும் அனுமதிக்காமல் இருப்பதே நல்லது. சிறு படைவீரர் உருவங்களை வைத்து ஆடும் வார்ஹாமர் போர் விளையாட்டுகளிலும் அதுதான் விதி. மருந்தும் திறனும் ஒரே சமயத்தில் இருந்தால், அவற்றை வெவ்வேறு பகடைகளுக்குப் பயன்படுத்தட்டும்.

பகடையில் விழுந்த எண்ணோடு சூழ்நிலைக்கேற்ற கூட்டல் கழித்தல் எப்போது சேரும் என்பதில்தான் தேர்ந்த ஆட்டக்காரர்களும் தடுமாறுகிறார்கள். வெற்றிக்கு 4 தேவை, இருட்டறை என்பதால் 1 குறையும், பகடையில் விழுந்ததோ சரியாக 4. கழித்தபின் அது தோல்வி. கழிக்கும் முன் வெற்றி. தோற்ற பகடையை மீண்டும் உருட்டலாம் என்னும் சலுகை இங்கே செல்லுமா? 2017இல் வந்த வார்ஹாமர் 40,000 எட்டாம் பதிப்பில் மறு உருட்டல் கூட்டல் கழித்தலுக்கு முந்தியது என்பதால், இப்படி விழுந்த 4ஐ மீண்டும் உருட்ட முடியாத விசித்திர நிலை இருந்தது. உங்கள் விளையாட்டின் விதிநூல் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றால், இறுதிக் கணக்கில் தோற்றதே தோல்வி என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. புதிதாக ஆட வருபவருக்கும் அது உடனே விளங்கும்.

தாக்குபவர் உருட்டுகிறார், மறு உருட்டலை முடிக்கிறார், கூட்டல் கழித்தலைச் சொல்கிறார்; அதன் பிறகே தற்காப்பவர் பகடையைக் கையில் எடுக்கிறார். அவர் உருட்டிய பின் தாக்குபவருக்கு மறு உருட்டல் கிடையாது. "அண்ணே, நான் இன்னும் முடிக்கலையே" என்ற குரல் எழாமலிருக்க, தாக்குபவர் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் போதும். டிசென்ட் என்னும் நிலவறை விளையாட்டின் 2012 பதிப்பைப் போல, பகடையில் விழும் எழுச்சிக் குறிகளைச் செலவிட்டு ஆயுதத் திறன்களை எழுப்பும் ஆட்டங்களில், முதல் குறி செலவானதுமே மறு உருட்டல் வாய்ப்பு முடிந்ததாகக் கொள்ளுங்கள். அந்த ஆட்டத்தின் நீலப் பகடையில் ஒரு முகத்தில் இருக்கும் பெருக்கல் குறி விழுந்தால் தாக்குதல் முழுவதும் வீணாகும் என்பதால், மறு உருட்டலை அதற்காகச் சேமித்து வைப்பது புத்திசாலித்தனம்.

அரக்கர்களை ஆட்டுவிப்பவருக்கும் இதே வரிசைதான். அவர் திரைக்குப் பின்னால் உருட்டினாலும், மறு உருட்டலை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

அட்டையும் விதிநூலும் முரண்பட்டால் அட்டை சொல்வதே பெரும்பாலான விளையாட்டுகளில் மேலோங்கும். இரண்டும் மௌனமாக இருந்தால், பதிப்பாளர் வெளியிட்ட விளக்கக் குறிப்பைத் தேடுங்கள். அதிலும் இல்லையென்றால் மேசையில் இருப்பவர்கள் ஒரு முடிவெடுத்து, விதிநூலின் உள்ளட்டையில் பென்சிலால் எழுதிவைத்து, அந்தத் தொடர் முடியும்வரை மாற்றாமல் ஆட வேண்டும். மறு உருட்டலுக்கான வில்லையை அறிவித்துக் கீழே வைத்தபின், மனம் மாறிப் பகடையைத் தொடாமல் விட்டாலும், வில்லை செலவானதுதான்; திரும்ப எடுக்கக் கூடாது.