தோட்டத் திருவிழாவில் விதைப் பரிமாற்ற மேசை

விழாவுக்கு மூன்று வாரம் முன்பே, விதை கொடுப்பவர்களிடமிருந்து விதைகளை வாங்கி வைத்துவிடுங்கள். அன்று காலையில் வந்து சேர்பவற்றைச் சோதிக்க நேரம் இருக்காது. ஒவ்வொரு ரகத்திலும் 10 விதைகளை ஈரத்துணியில் சுருட்டி, துணி காயாமல் 7 முதல் 10 நாள் வையுங்கள். மிளகாய், கத்தரிக்கு 14 நாள் கொடுங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் அந்த ரகம் மேசைக்கு வர வேண்டாம். முளைக்காத விதையைக் கொண்டுபோனவர் அடுத்த ஆண்டு எட்டிப் பார்க்க மாட்டார்.

தக்காளி விதையைச் சதையோடு 2, 3 நாள் புளிக்கவிட்டு, வழவழப்பு போகக் கழுவி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். அவரை, பீன்ஸ் விதையில் நகம் பதியக் கூடாது. பதிந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது, உறைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்டிக் உறை அந்த ஈரத்தை அடைத்து வைக்கும், அதனால் காகித உறையே நல்லது.

உறைமேல் பயிர், ரகம், அறுவடை செய்த மாதம், ஆண்டு எழுதுங்கள். பூசணி வகையில் தேனீக்கள் பக்கத்து ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்திருக்கும். ‘கலப்பு இருக்கலாம்’ என்று மறக்காமல் குறியுங்கள். வீரிய ஒட்டுரகச் செடியில் எடுத்த விதை தாய்ச்செடியைப் போல வராது, ஏற்காதீர்கள். உறைக்குப் பீன்ஸ் 15, தக்காளி 20 போதும். மேசை நிழலில் இருக்கட்டும்.