வார்ட்ரோப் ஹேங்கர் ராடு: வாங்கும்போதும் மாட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்ட்ரோப் செய்யும்போது பிளைவுட், மைக்கா, கைப்பிடி என்று ஒவ்வொன்றையும் நாள் கணக்கில் யோசிக்கிறோம். ஹேங்கர் ராடு மட்டும் கடைசி நாளில், ஆசாரி ஹார்டுவேர் கடைக்குக் கிளம்பும்போது நினைவுக்கு வருகிறது. பளபளப்பாக இருக்கிற ஏதோ ஒன்று வந்து சேர்கிறது. ஆனால் அந்த அலமாரியில் ஓயாமல் பாரம் தாங்கப்போவது அதுதான். சில மாதங்களில் ராடு நடுவில் தொய்ந்து, ஹேங்கர்கள் எல்லாம் பள்ளத்தை நோக்கி வழுக்கி வந்து நெருக்கியடித்து நின்றால், குறை ராடின் பிராண்டில் இருப்பது அபூர்வம். நீளம், குழாயின் தடிமன், முனைகளில் போட்ட ஸ்க்ரூ ஆகிய மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

பாரத்தைக் குறைத்து மதிப்பிடுவது

ஒரு சட்டை ஹேங்கரோடு சேர்த்து சுமார் 300 கிராம். ஜீன்ஸ் 600 முதல் 700 கிராம். பட்டுப் புடவை பல வீடுகளில் முக்கால் கிலோவைத் தாண்டும். கனமான ஜரிகை என்றால் ஒரு கிலோவும் வரும். புடவையை மடித்து மாட்டினால் ஒன்றுக்கு 2 முதல் 2.5 செ.மீ. இடமே போதும் என்பதால், 3 அடி ராடில் 35, 40 புடவைகள் சாதாரணமாக ஏறிவிடும். அதாவது 25 முதல் 30 கிலோ. சட்டைக்கென்று போட்ட ராடில் பின்னால் புடவை ஏறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எனவே மீட்டருக்கு 30 கிலோ என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். (பட்டுப் புடவையை நெடுநாள் தொங்கவிட்டால் மடிப்பு விழுந்த இடத்தில் ஜரிகை இற்றுப்போகும். துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பு மாற்றி, தட்டில் வைப்பதே புடவைக்கும் நல்லது, ராடுக்கும் நல்லது.)

ஒரே வீச்சில் நீளமான ராடு

"ஐந்தடி அலமாரிக்கு ஐந்தடி ராடு" என்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. நீளம் இரண்டு மடங்கானால், அதே நெருக்கத்தில் துணி மாட்டும்போது தொய்வு இரண்டு மடங்கோடு நிற்காது, பதினாறு மடங்காகும். 25 மி.மீ. விட்டம், 1 மி.மீ. தடிமன் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை எடுத்துக்கொள்வோம். 1 மீட்டர் நீளத்தில் 30 கிலோவுக்கு அது 4 மி.மீ.க்கும் குறைவாகவே தொய்யும், கண்ணுக்குத் தெரியாது. அதே குழாய் 1.5 மீட்டர் நீளத்தில், அதே நெருக்கத்தில் 45 கிலோ சுமந்தால் தொய்வு ஏறக்குறைய 18 மி.மீ. அந்த நிலையில் உலோகம் நிரந்தரமாக வளையும் எல்லையை நெருங்கிவிடுகிறது. துணியை எடுத்தாலும் பழையபடி நேராகும் என்று நம்ப முடியாது.

தாங்கல் இல்லாமல் 90 செ.மீ., அதாவது 3 அடி வரை போவது பாதுகாப்பானது. அதற்கு மேல் போனால் நடுவே 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு செங்குத்துத் தடுப்பு கொடுத்து, இரண்டு ராடுகளாகப் பிரிப்பதே சிறந்த வழி.

விட்டத்தை மட்டும் பார்ப்பது

19 மி.மீ. குழாயைவிட 25 மி.மீ. குழாய், ஒரே தடிமனில், இரண்டு மடங்குக்கு மேல் விறைப்பானது. ஆனால் "ஒரு இஞ்ச் ராடு" என்று கேட்டால் கடையில் 0.6 மி.மீ. தகட்டில் செய்ததும் அதே பெயரில்தான் வரும். முனை மடிப்பும் பாலிஷும் தடிமனை மறைத்துவிடும். ஏமாறாமல் இருக்க எளிய வழி, எடை போட்டுப் பார்ப்பது. 25 மி.மீ. ஸ்டீல் குழாய் 1 மி.மீ. தடிமனில் மீட்டருக்கு 600 கிராம் இருக்க வேண்டும், 1.2 மி.மீ. என்றால் 700 கிராம். 370 கிராம் காட்டினால் அது 0.6 மி.மீ. கேஜ் கணக்கில் கேட்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: எண் கூடக்கூடத் தடிமன் குறையும். 18 கேஜ் 1.2 மி.மீ., 20 கேஜ் 0.9 மி.மீ., 22 கேஜ் 0.7 மி.மீ.

ஜன்னல் திரைக்கு வாங்கி மிச்சமான கர்ட்டன் ராடை அலமாரியில் போடுவதும் இங்கேதான் வருகிறது. சில கிலோ திரைக்காகச் செய்த மெல்லிய குழாய் அது. ஸ்பிரிங் வைத்து இறுக்கும் ராடு இன்னும் மோசம். சுவரைத் தள்ளும் அழுத்தத்தில் மட்டும் நிற்பது, புடவைப் பாரத்தில் ஒருநாள் வழுக்கி இறங்கும்.

ஓவல் ராடு நல்ல தேர்வுதான், நிமிர்த்தி மாட்டினால். 30க்கு 15 மி.மீ. ஓவல், உயரவாக்கில் நிற்கும்போது இருக்கும் விறைப்பு, படுக்கவைத்தால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். ஓவல் ராடுக்கு அதற்கேற்ற ஓவல் சாக்கெட்டே (ராடின் முனையைப் பக்கப் பலகையில் தாங்கும் பிடி) வாங்குங்கள். வட்ட சாக்கெட்டில் சொருகினால் அது புரண்டு படுத்துவிடும்.

அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் அதே அளவுக் குழாய் ஸ்டீலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தொய்யும். உள்ளே விலா கொடுத்த கனமான புரொஃபைல் என்றால் சரி. சாதாரண மெல்லிய குழாய் வேண்டாம். குரோம் பூசிய இரும்பு ராடு பலமானது, மலிவானது. அறுத்த முனையில் பூச்சு இல்லாததால் துரு அங்கிருந்துதான் கிளம்பும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் எஸ்எஸ் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குவதே நல்லது. காந்தம் ஒட்டினால் குரோம் இரும்பு என்று தெரிந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் இன்னொரு கிரேடான 202ஐயும் 304ஐயும் காந்தத்தால் பிரித்தறிய முடியாது, இரண்டிலுமே அது ஒட்டாது. பில்லில் கிரேடு எழுதித் தரச் சொல்லுங்கள்.

நல்ல ராடு, சாதாரண சாக்கெட்

ராடு முறிந்து விழுவது அரிது. விழுவதெல்லாம் சாக்கெட் கழன்றுதான். பிளாஸ்டிக் சாக்கெட்டையும், விரலால் அழுத்தினாலே வளையும் தகட்டு சாக்கெட்டையும் ஒதுக்குங்கள். வார்ப்பு உலோகத்தில், மூன்று ஸ்க்ரூ ஓட்டைகள் உள்ளது வேண்டும். மேல்பக்கம் திறந்த சாக்கெட் ராடை எடுத்து மாட்ட வசதியானது. முழு வட்ட சாக்கெட் என்றால் ராடை உள்ளே வைத்தபடிதான் இரண்டாவது முனையை முடுக்க வேண்டும்.

பக்கப் பலகை 18 மி.மீ. பிளைவுட் என்றால் 4க்கு 16 மி.மீ. (விட்டம் 4, நீளம் 16) ஸ்க்ரூ பொருந்தும். 12 மி.மீ. போட்டால் சாக்கெட்டின் கனம் போக மரத்துக்குள் பிடிமானமே இராது, 25 மி.மீ. போட்டால் மறுபக்க மைக்காவைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். முதலில் 2.5 மி.மீ. துளை போடுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டில் இன்னும் கவனம் வேண்டும்: ஒருமுறை கழற்றிய ஓட்டையில் திரும்ப முடுக்கினால் பிடிக்காது. அதில் 5 மி.மீ. துளை போட்டு 6.3க்கு 13 மி.மீ. யூரோ ஸ்க்ரூ (தடித்த, குட்டையான பலகை ஸ்க்ரூ) போடுவதே உறுதி. நடுத் தடுப்பின் இருபுறமும் ஒரே உயரத்தில் சாக்கெட் வந்தால், இரு பக்க ஸ்க்ரூவும் நடுவில் மோதும். ஒன்றை 3 செ.மீ. மேலோ கீழோ நகர்த்துங்கள், அல்லது இரண்டையும் சேர்த்து ஒரே போல்ட்டால் இறுக்குங்கள்.

நடுத் தாங்கியைத் துணைப்பொருளாக நினைப்பது

தடுப்பு வைக்க முடியாத இடத்தில், ஒரே நீள ராடுக்கு நடுவே மேல் பலகையிலிருந்து ஒரு தாங்கி தொங்கவிடுவார்கள். முனைகளில்தான் பாரம், இது சும்மா உதவிக்கு என்ற எண்ணத்தில் இரண்டு சின்ன ஸ்க்ரூ போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கணக்கு நேர்மாறானது. மொத்தப் பாரத்தில் சுமார் 62 சதவீதம் நடுத் தாங்கியில்தான் இறங்கும். ஒவ்வொரு முனைக்கும் 19 சதவீதமே. 45 கிலோவில் 28 கிலோ அந்த ஒரு தாங்கியில்! அதோடு இங்கே ஸ்க்ரூ நேராகக் கீழ்நோக்கி இழுபடுகிறது, மரத்தைவிட்டு உருவி வர எல்லா வாய்ப்பும் உண்டு. மேல் பலகையைத் துளைத்து, மேலிருந்து வாஷர் போட்டு போல்ட் இறக்கி நட்டால் முடுக்குங்கள். அந்தப் பலகையே 12 மி.மீ. ஆக இருந்து, அதன் மேல் சூட்கேஸ் அடுக்கினால், பலகையும் ராடும் சேர்ந்தே தொய்யும். பலகை 18 மி.மீ. இருக்கட்டும், பின்புறம் சுவரோடு ஒரு ரீப்பர் தாங்கட்டும்.

சுவர் அலமாரியில்

நம் வீடுகளில் பல வார்ட்ரோப்புகள், கடப்பா கல் பதித்த சுவர் அலமாரிக்குக் கதவு போட்டு உருவானவை. அங்கே ராடு நேராகச் சுவரில் ஏறும். பூச்சு மட்டுமே 12 முதல் 15 மி.மீ. இருப்பதால், ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் 25 மி.மீ. பிளக்கில் பாதி பூச்சிலேயே நின்றுவிடும். 8 மி.மீ. துளையில் 50 மி.மீ. பிளக் போட்டால்தான் செங்கல்லைப் பிடிக்கும். கடப்பா கல்லின் விளிம்போரம் துளை போடாதீர்கள், கல் தெறித்துவிடும். துளைத்தே ஆக வேண்டுமானால் ஹேமர் இயக்கத்தை நிறுத்திவிட்டு மெதுவாகப் போங்கள்.

ஆழம் இங்கே முக்கியம். ஹேங்கரின் அகலம் 42 முதல் 45 செ.மீ., அதனால் உள்ளளவு ஆழம் குறைந்தது 55 செ.மீ. வேண்டும். ஒன்றரை அடி ஆழ அலமாரியில் நீளவாக்கில் ராடு போட்டால் கதவு மூடாது. முன்பின்னாக இழுக்கும் புல்-அவுட் ராடு போடுங்கள். அது தாங்கும் எடை குறைவு என்பதால் பெட்டியில் அச்சிட்ட கிலோ அளவைப் பாருங்கள்.

முழு ஆழமுள்ள அலமாரியில் ராடின் மையம் பின்பலகையிலிருந்து 28 முதல் 30 செ.மீ. தள்ளி வர வேண்டும். மேல் பலகைக்கும் ராடுக்கும் இடையே 5 செ.மீ. விட்டால்தான் ஹேங்கரைத் தூக்கி எடுக்க முடியும்.

அளவும் சோதனையும்

ராடு வரும் உயரத்திலேயே உள்ளகலத்தை அளந்து, 3 மி.மீ. குறைத்து அறுங்கள். 1 செ.மீ. குறைத்துவிட்டால், நாளடைவில் பக்கப் பலகை சற்று வெளியே வளையும்போது ராடு சாக்கெட்டிலிருந்து நழுவும். அறுத்த முனையை அரம் போட்டுத் தேய்த்து, குரோம் ராடு என்றால் ஒரு பூச்சு வார்னிஷ் தடவுங்கள்.

ஆசாரிக்குக் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன், தண்ணீர் நிரம்பிய 20 லிட்டர் கேனைக் கயிற்றில் கட்டி, ராடின் நடுவில் துண்டைச் சுற்றி அதன்மேல் தொங்கவிடுங்கள். நடுவில் தொங்கும் 20 கிலோ, ராடு முழுக்கப் பரவிய 32 கிலோவுக்குச் சமமான தொய்வைத் தரும். 3 அடி ராடு 3 மி.மீ. அளவுக்கே இறங்க வேண்டும். ஒரு இரவு அப்படியே விட்டு, காலையில் கேனை இறக்கிவிட்டு, ராடின் அடியில் நேர்க்கோல் வைத்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் குழாய் மெல்லியது. சாக்கெட்டின் மேல் விளிம்பில் மைக்காவுக்கும் அதற்கும் இடையே காகிதம் நுழைந்தால் ஸ்க்ரூ பிடிக்கவில்லை.