வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறை: மின் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு மரவேலையோ, லேத்தோ, வெல்டிங்கோ செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் எலக்ட்ரீஷியனிடம் முதலில் கேட்பது, "எந்த வயர் இழுக்கலாம்?" என்றுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதை முதலில் கேட்பதால் வரும் தவறுகளைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

என் மாமா செய்ததையே சொல்கிறேன். வீட்டின் பின்வாசலில் கிரைண்டருக்காக இருந்த 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரை 40 மீட்டர் இழுத்து, ஷெட்டில் 2 எச்பி கம்ப்ரஸரை மாட்டினார். காலையில் நன்றாக ஓடியது. மாலை ஏழு மணிக்கு சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகி நின்றுவிடும். கெபாசிட்டர் மாற்றினார். மோட்டாரை ரீவைண்டிங்குக்குக் கொடுத்தார். திரும்பி வந்தும் அதே முனகல்.

மோட்டாரில் கோளாறே இல்லை. 2.5 வயரில் ஒரு ஆம்பியர் ஒரு மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் சுமார் 18 மில்லிவோல்ட் குறையும். ஓடும்போது 10 ஆம்பியர் எடுக்கும் மோட்டார், கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். 40 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் வழியிலேயே சுமார் 40 வோல்ட் காலி. மோட்டாரின் திருகுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 190 ஆனால் விசை மூன்றில் இரண்டு பங்குதான். மாலையில் தெருவுக்கே 205 வோல்ட்தான் வருகிறது என்றால் கிட்டத்தட்ட பாதி. அழுத்தத்தோடு நிற்கும் கம்ப்ரஸரை அந்தப் பாதியால் தள்ள முடியாது. இதே இடத்தில் 10 ஸ்கொயர் காப்பர் போட்டிருந்தால் இழப்பு 10 வோல்ட்டுக்குப் பக்கம். அலுமினியம் என்றால் அதற்கு ஈடாக 16 ஸ்கொயர்.

அப்போது முதலில் கேட்க வேண்டியது என்ன? ஷெட்டில் என்னென்ன ஓடும், அவற்றில் எவை ஒரே நேரத்தில் ஓடும் என்பது. தனியாள் பட்டறையில் எல்லா மெஷினும் சேர்ந்து ஓடாது, உண்மைதான். ஆனால் ரம்பம் ஓடும்போது தூசி உறிஞ்சியும் ஓடும். கம்ப்ரஸர் யாரையும் கேட்காது; டேங்கில் அழுத்தம் குறைந்தால் தானாகவே கிளம்பிவிடும். 200 ஆம்பியர் இன்வர்ட்டர் வெல்டிங் மெஷினை முழுதாக வைத்தால் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, வீட்டு ஏசி, கெய்சர், போர் மோட்டாரையும் சேர்த்த பிறகுதான் சாங்ஷன் லோடு (ஈபி உங்களுக்கு அனுமதிக்கும் மின் அளவு) எவ்வளவு, மூன்று பேஸ் வேண்டுமா என்பது தெரியும்.

அந்தத் தாளோடு ஈபி ஆபீஸுக்குப் போகாமல் இருப்பது அடுத்த தவறு. உங்கள் வீட்டுக் கட்டிலுக்குக் கால் செதுக்கும்வரை அது வீட்டு உபயோகம். காசு வாங்கிச் செய்ய ஆரம்பித்தால் கட்டணப் பிரிவு மாறும். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் சிக்கலாம். உரிய பிரிவின் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்கு. ஆர்டர் எடுக்கும் எண்ணம் இருந்தால் பட்டறைக்குத் தனி சர்வீஸ் கேட்டுவிடுவது நல்லது.

இனி எர்த். இதில்தான் உயிர் போகிறது. ஆனால் இதற்குத்தான் எல்லோரும் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். "ஷெட் பக்கத்துல தனியா எர்த் குழி போட்டாச்சு, போதும்" என்பார்கள். போதாது. குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். லேத்தின் உடம்பில் பேஸ் வயர் பட்டால் அந்தக் குழி வழியாக மிஞ்சிப்போனால் 23 ஆம்பியர் ஓடும். கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்சான எம்சிபி 32 ஆம்பியரில் இருந்தால், அதற்கு அது சாதாரண லோடு மாதிரிதான். டிரிப் ஆகாது. மெஷின் உடம்பில் கரண்ட் நிற்கும், நீங்கள் கை வைப்பீர்கள்.

அதனால் வீட்டு மெயின் போர்டின் எர்த்திலிருந்து ஷெட்டுக்கு ஒரு எர்த் வயர் கேபிளோடு வர வேண்டும்; ஷெட் குழி அதோடு சேர வேண்டும்; ஷெட் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். மூன்றும். கேபிள் கிளம்பும் இடத்தில் 100 மில்லிஆம்பியரில், கொஞ்சம் தாமதித்து விழும் வகை ஒன்றைப் போட்டால் கேபிளுக்கும் காவல். ஷெட்டில் கட்டிங் மெஷின் லீக் ஆனால் வீட்டு ஃபிரிட்ஜும் சேர்ந்து அணையாது. ஷெட் போர்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பிற்பாடு ஷெட்டுக்கு வரும் நியூட்ரல் எங்காவது அறுந்தால் மெஷின் உடம்புகள் எல்லாம் ஷாக் அடிக்கும். அப்புறம், சித்திரை வெயிலில் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

மூன்று பேஸ் எடுத்தவர்களுக்குத் தனித் தொல்லை ஒன்று. மெயின் நியூட்ரல் லூசானால் லோடு குறைவாக உள்ள பேஸில் வோல்டேஜ் 300, 350 என்று எகிறும். டிவி, பல்பு, சார்ஜர் எல்லாம் போகும். ஆகவே நியூட்ரல் லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) ஒழுங்காக அழுத்திக் கிரிம்ப் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். மோட்டார்களுக்கு ஒரு பேஸ் போனால் நிறுத்தும் பிரிவென்டரோடு ஸ்டார்ட்டர் வையுங்கள். ரீவைண்டிங் செலவை நினைத்தால் அது ஒன்றுமே இல்லை.

லைட்டை யாரும் யோசிப்பதில்லை. மெஷினும் லைட்டும் ஒரே எம்சிபியில் இருந்தால், ரம்பம் மரத்தில் மாட்டி எம்சிபி விழுந்ததும் ஷெட் இருட்டாகிவிடும். பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், உங்கள் கை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. லைட்டுக்குத் தனி சர்க்யூட் கொடுங்கள். பழைய சோக் டியூப் லைட் லேத்துக்கு மேல் வேண்டாம். நொடிக்கு 100 தடவை மினுக்கும் அந்த வெளிச்சத்தில், சில வேகங்களில் ஓடும் சக் (வேலைத் துண்டைப் பிடித்துச் சுற்றும் பாகம்) நிற்பதுபோலத் தெரியும்.

கேபிளை மேலே இழுத்தால் தென்னை மட்டை விழும், காற்றில் உரசும். மண்ணுக்குக் கீழேதான் நல்லது, அதுவும் உலோகக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிள். ஒரு முழத்தில் நிறுத்தாமல் முக்கால் மீட்டர் தோண்டி, மணல் பரப்பி, கேபிள் போட்டு, மறுபடி மணல், அதன் மேல் செங்கல் வரிசை. மூடும் முன் காம்பவுண்ட் சுவரிலிருந்து டேப் பிடித்து அளந்து போட்டோ எடுத்து வையுங்கள்.

மாமாவுக்குக் கடைசியில் அப்படித்தான் போட்டோம். செங்கல் எதற்கு, தண்டச் செலவு என்று அன்று முழுக்க முணுமுணுத்தார். இரண்டு வருடம் கழித்து அவரே முருங்கை நடக் குழி தோண்டியபோது, கடப்பாரை 'டங்' என்று முதலில் இடித்தது அந்தச் செங்கல்லில்தான்.