யாழ்ப்பாண வெக்கைக்கு ஏற்ற கோழிக்கூடு

முதலில் இடக்கணக்கு. நிலத்தில் உமி பரப்பி வளர்க்கும் முட்டைக்கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி போதும் என்பார்கள். எங்கள் ஊர் வெக்கைக்கு நான் 3 வைப்பேன். 20 கோழிக்கு 10 அடி நீளம், 6 அடி அகலம். பகலில் வளவில் திறந்து விடுகிறவர்கள் கொஞ்சம் குறைக்கலாம்.

நீளப்பக்கம் கிழக்கு மேற்காகப் போகவேண்டும், அப்போதுதான் காலை வெயிலும் பின்னேர வெயிலும் ஒடுங்கிய பக்கங்களில் மட்டும் விழும். வைகாசிக்குப் பிறகு தென்மேற்கால் வரும் சோழகமும் தெற்குப் பக்கத்தால் நுழைந்து வடக்கால் போய்விடும். மதிலோடு ஒட்டிக் கட்டினால் அந்தக் காற்று கிடைக்காது.

பலரும் மாட்டிக்கொள்வது சுவரில்தான். மரநாய்க்குப் பயந்து நாலு பக்கமும் தகரத்தால் அடைத்து விடுகிறார்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. வாயைப் பிளந்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது, காற்றோட்டம் இல்லாத கூட்டில் அதுவும் உதவாது, தீன் குறையும், முட்டையும் குறையும். ஆகவே சீமெந்துக் கல் ஒரு அடி உயரத்துக்கு, அதற்கு மேல் கூரை வரைக்கும் வலை. அத்திவாரத்தை ஒரு அடி ஆழமாக வெட்டினால் கீரி தோண்டி வருவது கஷ்டம். வலையில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்: அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலையை நாய் பிய்த்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த கம்பி வலைதான் சரி.

கூரைக்குக் கிடுகுதான் என் தெரிவு. கறையான் வரும், மாற்றி மேய வேண்டும், உண்மைதான், ஆனாலும் வெறும் தகரத்தின் கீழே மத்தியானம் நின்று பாருங்கள். ஏற்கெனவே தகரம் போட்டாயிற்றா? அதன் மேல் கிடுகைப் பரப்பிக் கட்டுங்கள். முகடு 8 அடி, தாழ்வாரம் 3 அடி வெளியே.

இரவில் கோழி ஏறி உறங்கும் தங்குதடியில் கோழி ஒன்றுக்கு 8 அங்குல இடம், தடிகள் எல்லாம் ஒரே உயரம், இல்லாவிட்டால் மேல் தடிக்குச் சண்டைதான். முட்டைப் பெட்டி 5 கோழிக்கு ஒன்று, இருட்டான பக்கத்தில்.

பிற்சேர்க்கை: ஐப்பசி, கார்த்திகையில் உமி நனைந்து மணக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். மாரி மழை வடகிழக்கால் சாய்ந்து அடிக்கும். வடக்கு, கிழக்குப் பக்க வலைக்கு உரச்சாக்கைத் தைத்துச் சுருட்டி இறக்கும் திரை போடுங்கள், ஆனால் மேலே ஒரு அடி திறந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் எச்சத்தில் இருந்து எழும் அமோனியா வாயு உள்ளேயே நின்று கோழிக்குக் கண் எரியும். நனைந்த உமியை அன்றைக்கே அள்ளிக் குவித்து விடுங்கள், மக்கின பிறகு வாழைக்குப் போடலாம்.