சம்மட்டியால் தட்டி போர் பாயிண்ட் பார்ப்பது

மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் பாயிண்ட் பார்க்க, அதாவது போர்வெல் போட இடம் குறிக்க, கூப்பிடுகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: சம்மட்டியால் தரையைத் தட்டி, அதிர்வு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கும் இந்த நில அதிர்வு ஆய்வு தண்ணீரைக் காட்டாது, பாறையைத்தான் காட்டும். நம்ம ஊர் நைஸ், கிரானைட், சார்னோகைட் பாறைகள் உடையாமல் இருந்தால் உள்ளே சொட்டுத் தண்ணீர் நிற்காது. மேலே மக்கிய பகுதியிலும் கீழே வெடிப்புகளிலும்தான் நிற்கும். அந்த மக்கிய பகுதி எங்கே ஆழமாக இறங்குகிறது என்பதே நம் தேடல்.

24 ஜியோபோன் (தரையில் குத்தி நிறுத்தி அதிர்வைப் பிடிக்கும் சின்னக் கருவி), கேபிள், பதிவுக் கருவி, எட்டுக் கிலோ சம்மட்டி, ஒரு இரும்புத் தகடு போதும். ஜியோபோன்களை 5 மீட்டருக்கு ஒன்றாக நட்டால் கோடு 115 மீட்டர் வரும். அதில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் ஆழம் தெரியும். எண்பது, தொண்ணூறு அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பொலபொலவென்று இருக்கும் மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு, ஜியோபோனின் முள் ஆடாமல் இறங்கும்வரை அழுத்துங்கள். பக்கத்து வயல் மோட்டார் ஓடினால் நிறுத்தச் சொல்லுங்கள். ஆடிக் காற்றில் வேலையே வேண்டாம். பனைமரம் ஆடுவதுகூட வேர் வழியாகப் பதிவில் ஏறும்.

கோட்டின் இரண்டு முனையிலும், நடுவிலும், முனைக்கு வெளியே தள்ளியும் தகடு வைத்து அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் ஐந்தாறு அடி அடித்துச் சேர்த்தால் இரைச்சல் அமுங்கும். ஒரு பக்கம் மட்டும் அடித்து முடிக்காதீர்கள். பாறை சரிந்திருந்தால் இறங்குமுகத்தில் வேகம் குறைவாகவும் ஏறுமுகத்தில் கூடுதலாகவும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை.

அப்புறம் ஒவ்வொரு ஜியோபோனுக்கும் அதிர்வு முதலில் வந்த நேரத்தைக் குறித்து, தூரத்துக்கு எதிரே வரையுங்கள். கோடு மடங்கும் இடத்தில் அடுத்த அடுக்கு தொடங்குகிறது. காய்ந்த மண்ணில் நொடிக்கு 300 முதல் 700 மீட்டர், நீர் நிறைந்த மணலில் 1500 சுமார், உடையாத பாறையில் 5000-க்கு மேல். மேல் அடுக்கு 400, கீழ் அடுக்கு 1600, மடங்கல் 20 மீட்டரில் என்றால்: வேக வித்தியாசத்தை (1200) வேகக் கூட்டலால் (2000) வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 20-இன் பாதியால் பெருக்குங்கள். 7.75 மீட்டர், அதாவது இருபத்தைந்து அடி.

சரி, அந்த 1600 தண்ணீரா, இல்லை வெறும் மக்கிய பாறையா? இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஒரு கனமான பலகையைத் தரையில் போட்டு, ஜீப்பின் முன்சக்கரத்தை அதன்மேல் ஏற்றி நிறுத்துங்கள். பலகையின் முனையில் பக்கவாட்டில் அடித்தால், மண்ணைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு ஓடும் குறுக்கலை கிளம்பும். அதைப் பிடிக்கக் கிடைமட்ட ஜியோபோன் வேண்டும். குறுக்கலை திரவத்தில் ஓடாது, மண்ணின் எலும்பைப் பிடித்துத்தான் ஓடும். அதனால் நீர்மட்டத்தைத் தாண்டினாலும் அதன் வேகம் அதிகம் மாறாது. தகட்டில் அடித்து அளந்த அலையின் (நேரலை) வேகம் எகிறி, குறுக்கலை அப்படியே இருந்தால் தண்ணீர். இரண்டும் சேர்ந்து எகிறினால் பாறை. கூலி கூடும் என்று இந்தப் பாதியை விட்டுவிட்டுப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

அடிப்பாறையின் வேகம் 5500-இல் இருந்து ஓரிடத்தில் மட்டும் 3500-க்குத் தொய்ந்தால் அங்கே வெடிப்பு இருக்கலாம். அந்தப் புள்ளியில், தரைக்குள் மின்சாரம் செலுத்தி அளக்கும் மின்தடை ஆய்வும் எடுத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா என்று சம்மட்டிக்குத் தெரியாது; மின்தடைதான் ஓரளவு சொல்லும். மேலே கெட்டியான சுக்கான் படிவு, அடியில் இளகிய மண் என்றிருந்தால் அந்த அடி அடுக்கு வரைபடத்தில் வரவே வராது, அதையும் மனதில் வையுங்கள்.

“அறநூறு அடியில தண்ணி இருக்கா தம்பி?” என்று கேட்பார்கள். அது சம்மட்டிக்கு எட்டாத ஆழம், சொல்லிவிடுங்கள். ஆனால் கெட்டிப் பாறை எத்தனை அடியில் தட்டும் என்று கணக்கோடு சொல்லலாம். துளை சரியாமல் காக்கும் கேசிங் பைப் அதுவரைதான் இறங்கும், அதற்கு அடிக்கணக்கில்தான் காசு. போர் வண்டி வருவதற்கு முன்பே அந்த அடியை எழுதி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள்.