மீன்பிடி ரீலுக்கு எண்ணெய் போடும்போது நாம் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பினாங்கு பத்து மாவுங் பக்கம் தூண்டில் போடப் போனால் ஒரு சத்தம் காதில் விழாமல் இருக்காது. யாராவது ஒருவருடைய ரீல் சுற்றச் சுற்ற ‘கரகர’ என்று அரைக்கும். “எண்ணெய் போட்டீங்களாண்ணே?” என்று கேட்டால், “போன வாரம்தான் நல்லா அடிச்சேன்” என்பார். அடித்தேன் என்றால் ஸ்பிரே டப்பா. வில்லங்கம் அங்கேயே ஆரம்பிக்கிறது.

எல்லார் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40, 1953இல் அமெரிக்காவில் அட்லஸ் ஏவுகணையின் உடம்பில் ஈரம் தங்கித் துருப்பிடிக்காமல் இருக்கச் செய்தது. ஈரத்தை விரட்ட நாற்பதாவது முறை கலந்து பார்த்தது என்பதுதான் அந்தப் பெயருக்கே பொருள். இறுகிப்போன நட்டைக் கழற்ற அது நல்லாவே கைகொடுக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் கரைப்பான். ரீலுக்குள் அடித்தால், கம்பெனி வைத்த கிரீஸைக் கரைத்து ஓரம் தள்ளிவிட்டுத் தானும் காணாமல் போய்விடும். மிஞ்சும் மெல்லிய படலம், ஒரு திருக்கை இழுக்கும்போது கியர் பற்கள் தாங்குகிற பாரத்துக்குக் காணாது. அடித்த அன்றைக்கு மட்டும் ரீல் வழுக்கிக்கொண்டு சுற்றும். அதில்தான் ஏமாறுகிறோம்.

சமையல் எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகிவிடும். பழைய வடைச்சட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தால் தெரியும். வீட்டில் தையல் மெஷின் எண்ணெய் இருந்தால் பேரிங்குக்கு அதில் ஒரு சொட்டு விடலாம், தப்பில்லை. உப்புக் காற்றில் அது நீண்ட நாள் தாங்காது, அடிக்கடி விட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த தவறு நானே செய்தது. முதல் ரீலைப் பிரித்தபோது, மோட்டார் கடையில் கொஞ்சம் சக்கர கிரீஸ் வாங்கிவந்து, கொழுக்கட்டைக்குப் பூரணம் வைப்பது மாதிரி உள்ளே இருந்த இடமெல்லாம் அடைத்தேன். அன்று இரவு மீன் கடித்தது. வெட்டி இழுத்தால், கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்று விரல் முட்டியில் அறைந்தது. மீனும் போய்விட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுப்பது ஒருவழி பேரிங். அதற்குள் ஊசி மாதிரிச் சின்ன உருளைகளும் மெல்லிய ஸ்பிரிங்குகளும் இருக்கும். உருளைகள் ஆப்பு போல இறுகினால்தான் பிடிப்பு. கெட்டி கிரீஸ் நடுவில் புகுந்தால் அவை இறுகாமல் வழுக்கும். அங்கே மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும், அதுவும் துணியில் ஒற்றி எடுத்த பிறகு.

கிரீஸ் வேண்டியது கியர் பற்களுக்கு, மெல்லிய பூச்சாக. கிரீஸின் கெட்டித்தன்மைக்கு என்எல்ஜிஐ என்று ஓர் எண் உண்டு: 000இல் தொடங்கி 6 வரை. வண்டிச் சக்கரத்துக்குப் போடுவது பெரும்பாலும் 2. சின்ன ரீலுக்கு அதைவிடத் தளர்ந்தது வசதி. பழைய கிரீஸின் மேல் வேறு வகையைப் பூசாதீர்கள். சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் தண்ணீராக இளகி ஒழுகிவிடும். துடைத்து எடுத்துவிட்டுப் புதிதைப் போடுங்கள். பெட்ரோலில் ஊறவைக்க வேண்டாம், பிளாஸ்டிக் பாகங்கள் பாழாகலாம்.

டிராக் தனிக் கதை. மீன் இழுக்கும்போது தூண்டில் நரம்பு அறுந்துபோகாமல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் பகுதி அது. அந்த வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் வாஷர்களின் உராய்வுதான். அதில் சாதாரண எண்ணெய் சொட்டினால் ஒரு நேரம் வழுக்கும், ஒரு நேரம் வெடுக்கென்று பிடிக்கும், அந்த வெடுக்கில் நரம்பு போய்விடும். கம்பளி வாஷர் என்றால் டிராக் கிரீஸ் என்றே விற்பதைத் தடவ வேண்டும். கார்பன் வாஷர்களில் உலர்ந்தபடியே ஓடுவதும் உண்டு, கிரீஸோடு ஓடுவதும் உண்டு. உங்களுடையது எது என்று ரீலோடு வந்த காகிதத்தைப் பாருங்கள். (நாம் முதலில் குப்பையில் போடுவது அந்தக் காகிதத்தைத்தான்.) டைவா கம்பெனியின் மேக்சீல்டு வகை ரீல்களில் காந்தத்தால் நிற்கும் ஒரு எண்ணெய்ப் படலம்தான் தண்ணீரைத் தடுக்கிறது. அங்கே நாமாக எண்ணெய் விட்டால் அந்தப் படலமே கெட்டுவிடும்.

கடலிலிருந்து வந்ததும் கழுவுவதற்கு முன் டிராக் குமிழை இறுக்கிவிடுங்கள், தண்ணீர் உள்ளே போகாது. குழாய்த் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் போதும். பீச்சி அடித்தால் உப்பைக் கூடவே உள்ளே தள்ளுவீர்கள். காயும்போது குமிழைத் தளர்த்திவிடுங்கள். எண்ணெய் அதற்கு அப்புறம்தான். உப்பின் மேல் விட்ட எண்ணெய் உப்பை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடைசியாக, யாரும் கண்டுகொள்ளாத ஸ்குரூக்கள். அலுமினிய உடம்பில் ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ, நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூக்கும். மூடும்போது மரையில் விரல் நுனியளவு கிரீஸ் தடவுங்கள். என் மாமா தடவவில்லை. அவருடைய பழைய ரீலில் ஒரு ஸ்குரூ தலை வழுக்கி, இன்றுவரை கழலாமல் உட்கார்ந்திருக்கிறது.