கொல்லையில் தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும்: படமெடுக்கும் முறை

பங்குனி பிறந்தால் முருங்கை, செம்பருத்தி, இட்லிப்பூ எல்லாம் கொல்லையில் ஒருசேரப் பூத்து நிற்கும். தேன்சிட்டு வருகிறதென்று கேமராவோடு மரம் மரமாக ஓட வேண்டாம். அது ஒரே கொத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். முதல் நாள் வெறுமனே கவனியுங்கள்: எந்தக் கொத்து, எந்தக் குச்சியில் உட்கார்ந்து அலகைத் தேய்க்கிறது. மறுநாள் அதற்குத் தோதாக உட்காருங்கள். வெயில் உங்கள் முதுகில் விழ வேண்டும். பூவுக்குப் பின்னால் பத்தடியாவது காலியிடம் வேண்டும். கொடியில் காயும் துணியையும் நீல பிளாஸ்டிக் வாளியையும் முதலிலேயே அப்புறப்படுத்துங்கள். பாதிப் படங்களைக் கெடுப்பது அந்த வாளிதான்.

முதுகில் வெயில் ஏன்? ஆண் ஊதாத் தேன்சிட்டின் மினுக்கம் சாயத்தால் வருவதல்ல. இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. எதிர்வெயிலில் எடுத்தால் கரிக்கட்டை மாதிரிதான் விழும். சூரியன் எழுந்ததிலிருந்து எட்டரை மணி வரை நல்ல நேரம். அதற்குமேல் நிழல் கறுத்து, பூ வெளுத்துவிடும்.

300 மி.மீ. லென்ஸ் இருந்தால் ஷட்டர் வேகம் 1/1600 நொடி, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/5.6 அல்லது 6.3, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) ஆட்டோவில், உச்சவரம்பு 3200. ஃபோகஸ் ஒற்றைப் புள்ளியில், பறவை நகர்ந்தாலும் விடாமல் பின்தொடரும் தொடர் முறையில். செம்பருத்தியில் ஒரு சங்கதி: தேன்சிட்டு பெரும்பாலும் பூவின் வாய்வழியே போகாது, காம்போரம் உட்கார்ந்து அடிப்பகுதியைத் துளைத்துக் குடிக்கும். இதழ்மேல் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் பறவை மங்கலாகத்தான் கிடைக்கும்.

செம்பருத்தியை மட்டும் எடுக்கும்போது எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 0.7 குறையுங்கள். சிவப்பு மட்டும் தனியாக எகிறிவிடுவதால் இதழின் நரம்புகள் மறைந்து, வண்ணம் பூசிய அட்டை போலாகிவிடும். கேமரா திரையில் வெளிச்சப் பரவலைக் காட்டும் சாதாரண ஹிஸ்டோகிராமில் இது தெரியாது, சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமில் பாருங்கள். மல்லிகைக்கு நேர்மாறு: 0.7 கூட்டாவிட்டால் வெள்ளை சாம்பலாகும். வெயில் ஏறிவிட்டால், பூவுக்கும் சூரியனுக்கும் நடுவே பழைய வேட்டியை ஒற்றை மடிப்பாகப் பிடியுங்கள். வெளிச்சத்தை மென்மையாக்கக் கடையில் விற்கும் டிஃப்யூசருக்கு இது ஒன்றும் குறைந்ததில்லை.

தேன்சிட்டின் தொங்கு கூடு கண்ணில் பட்டால் அதை மறைக்கும் இலையையோ கிளையையோ ஒதுக்காதீர்கள், காகம் கண்டுகொள்ளும். தாய் இரையோடு கூட்டுக்குள் போகாமல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் நீங்கள் மிகவும் கிட்டே இருக்கிறீர்கள். எழுந்து போய்விடுங்கள்.

வண்ணத்துப்பூச்சிக்குக் கறிவேப்பிலைச் செடியே போதும். அங்கே வரும் கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி தேன் குடிக்கும்போதும் சிறகை அடித்துக்கொண்டே இருக்கும்; ஷட்டர் வேகம் 1/1000க்குக் கீழே போனால் சிறகு நுனி கலங்கிவிடும். அதைவிட எளிய வழி அதன் கூட்டுப்புழு. இலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது இளம் புழு, வளர்ந்தபின் பச்சையாகும். கூட்டுப்புழுவான பிறகு நாள்தோறும் பாருங்கள். கூடு கறுத்து, உள்ளே சிறகின் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் மறுநாள் காலையில் வெளிவரும். வந்ததும் சிறகு விரிந்து காயும் வரை அங்கேயே தொங்கும். அப்போது செல்போனே போதும்: முக்காலியில் வைத்து, திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றே குறைத்து, மூன்று நொடி டைமரில் எடுங்கள். கிளையைத் தொட்டு ஆட்டாதீர்கள். ஈரச் சிறகோடு விழுந்தால் அது கோணலாகவே காய்ந்துபோகும்.